உடன் வந்தவர்

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை அத்தான் ஃபோனில் சொன்னார். அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது? நீ இங்கே இருந்த பதினைந்து நாளும் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்காதே. கேட்டால் சொல்லிவிடுவார்.

ஃபோனில் பேசாமல் எழுதுவது ஏன் என்று உனக்குத் தெரியும். ஃபோனில் எனக்கு "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் வருவதில்லை. ஹாஸ்டல் நாளிலிருந்து நமக்குக் காகிதம்தான் வசதி.

இன்று பதினேழாவது நாள். தையல் பிரித்த இடம் உலர்ந்திருக்கிறது. நீ காட்டிக்கொடுத்தபடி வயிற்றுப் பட்டையைக் கட்டிக்கொள்கிறேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறேன். எழும்போது பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி எழுகிறேன். ஜன்னலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையே காலையில் இருபது தடவை, மாலையில் இருபது தடவை நடக்கிறேன். வெட்டின கோட்டுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு உணர்வே இல்லை. அழுத்தினால் விரலுக்குத்தான் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரிவதில்லை. பயந்து எழுதவில்லை. நீ கேட்பாய் என்று எழுதுகிறேன்.

மாடி வீட்டு அம்மா பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏங்க, கர்ப்பப்பைய எடுத்துட்டா அந்த இடம் காலியாவா கிடக்கும்?" என்றார். "குடல் கொஞ்சம் இறங்கி வந்து உக்காந்துக்கும்" என்றேன். "பாத்தீங்களா, வாடகை கூட இல்லாம!" என்றார். சிரித்தால் வலிக்கும் என்பதால் சிரிக்கவில்லை. வலிக்காவிட்டாலும் சிரித்திருப்பேனா என்பது சந்தேகம்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய தாளை நேற்றுதான் உட்கார்ந்து படித்தேன். "கருப்பையும் இரண்டு சினைப்பைகளும் நீக்கப்பட்டன" என்று இருக்கிறது. சினைப்பைகளை எடுக்கவேண்டாம் என்று சம்மதப் படிவத்தில் என் கையால் எழுதியிருந்தேன். நீயும் பார்த்தாய். என் வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "உள்ள போனப்புறம் டாக்டரம்மா முடிவு பண்ணிட்டாங்க" என்கிறார். அன்று நீ அறுவை அறை வாசலில்தான் இருந்தாய். யார் கேட்டார்கள், யார் சொன்னார்கள் என்று எழுது.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

உன்,
சின்னு


மார்ச் 15

அருமைச் சின்னுவுக்கு,

அக்காவின் அன்பு. உன் கடிதம் நேற்று வந்தது. அத்தானுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது.

இருபது தடவை போதாது என்று முப்பது ஆக்கிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயசில் காய்ச்சல் மாத்திரையைக்கூட இரண்டாகச் சாப்பிட்டுச் சீக்கிரம் பள்ளிக்கூடம் போகலாமா என்று கேட்டவள். மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதே. வாளியைக் காலால் தள்ளக்கூடாது, அதுவும் தூக்குவது மாதிரிதான். பழம், தண்ணீர் இரண்டையும் விடாதே, முக்காதே. கெண்டைக்கால் வீங்கினாலோ இழுத்துப் பிடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, மறுநாள் போகலாம் என்று இருக்காதே. முப்பத்தொரு வருடம் அறுவை அறையில் கத்தியும் கத்திரியும் எடுத்துக்கொடுத்தவள் சொல்கிறேன், கேள்.

உணர்வு இல்லாத இடத்தைப் பற்றிப் பயப்படாதே. தோலுக்கு வரும் சின்ன நரம்புகள் வெட்டுப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுதாகத் திரும்பாது, ஆனால் பழகிவிடும்.

நீ கேட்டிருந்தது. டாக்டரம்மாவுக்கு நல்ல கை. உள்ளே பார்த்துத்தானே எதையும் செய்திருப்பார்கள். இப்போது அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, முதலில் ஆறட்டும்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். உன் பெண் குருவி ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படிக்கிறாளா? பெரியம்மா கேட்டேன் என்று சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கட்டளைகளை எல்லாம் நிறைவேற்றுகிறேன். முப்பது ஆக்கவில்லை. இருபத்தைந்து.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கருப்பையில் மூன்று நார்க்கட்டிகள், பெரியது எலுமிச்சம்பழ அளவு, தீங்கில்லாதவை. இடது சினைப்பையில் ஒரு ரத்தக் கட்டி, அதுவும் தீங்கில்லாதது. வலது சினைப்பை என்று எழுதி, எதிரில் "இயல்பானது" என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நல்ல செய்திதான். எல்லோருக்கும் சொன்னேன், எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

போன வாரத்திலிருந்து, மாதவிடாய் நிற்கும் வயசில் வருமே, அந்தச் சூடு ஏறுகிறது. நெஞ்சில் ஆரம்பித்துக் கழுத்து வழியாகக் காது மடல் வரைக்கும். இரண்டு நிமிடம். அப்புறம் வியர்த்து, குளிர்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. எனக்கு வயசாகும் என்று எனக்குத் தெரியாதா? மெதுவாக ஆகட்டும், அதன் போக்கில் ஓயட்டும் என்றுதான் சினைப்பைகளை விடச் சொன்னேன். ஒரே காலையில் முடித்துவிட்டார்கள்.

அவரிடம் மறுபடி கேட்டேன்.

"யார்கிட்ட கேட்டு எடுத்தாங்க?"

"அதான் சொன்னேனே, உள்ளேயே…"

"உள்ள நான் மயக்கத்துல கிடந்தேன். வேற யார் இருந்தா?"

"சூப் ஆறுது, குடி."

"ஆறட்டும். படிவத்துல நான் எழுதினது இருக்கு. அதுக்கு மேல யாரோ சரின்னு சொல்லாம எடுக்க மாட்டாங்க."

"அம்மா தாயே, நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல."

அவர் எதையாவது மறைக்கும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். உண்மையைச் சொல்லும்போது சத்தியம் செய்வார். இருபத்து மூன்று வருடத்தில் இதில் மாற்றமில்லை.

அக்கா, நீ என்ன பார்த்தாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சின்னு


ஏப்ரல் 12

அருமைச் சின்னுவுக்கு,

உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். முடிவு நல்லபடியாக வந்தது எவ்வளவு நிம்மதி! படித்தவுடன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சூட்டுக்கு மெல்லிய பருத்தித் துணியாக உடுத்திக்கொள். காப்பியைக் குறை. கழுத்தில் ஈரத்துணி போடு. ஒரு சின்ன மேசை ஃபேன் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள். டாக்டரம்மாவிடம் மாத்திரை கேள், கூச்சப்படாதே.

அத்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் காலில் ப்ரேக் தேடுகிறார். அந்தப் பெண் சுவரில் ஒரு தடவை இடித்தாள். "சுவர் தள்ளி நிக்கணும்" என்றாராம்.

வருகிற இருபத்தாறாம் தேதி அங்கே வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு வாரம் இருந்து சமைத்துப்போட்டுவிட்டு வருகிறேன். நீ மறுத்துப் பேசாதே.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என நினைக்கிறேன். நான் இருக்கிறேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. அவர் சமையல் தேறிவிட்டது. அரிசி சாதமாகவே வருகிறது.

மூன்றாம் தேதி ஆறு வாரப் பரிசோதனைக்குப் போனேன். எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறது, மே மாதம் வேலைக்குப் போகலாம் என்றார்கள். திரும்பும்போது பதிவு அறையில் என் கோப்பின் நகல் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். "எதுக்கும்மா, இன்சூரன்ஸுக்கா?" என்றார் அங்கிருந்தவர். "படிக்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். இதுவரை யாரும் படிக்கக் கேட்டதில்லை போலிருக்கிறது. பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். முந்தாநாள் வாங்கி வந்தேன்.

சம்மதப் படிவத்தின் இரண்டாம் பக்கம். நடுவில் நான் எழுதிய வரி. அதன் கீழே வேறு கையெழுத்தில், இரண்டு சினைப்பைகளையும் எடுக்கச் சம்மதம் என்று இரண்டு வரி, நேரம் காலை 10.40. அதற்கும் கீழே "உடன் வந்தவர்" என்று அச்சடித்த இடத்தில் ஒரு கையெழுத்து. என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் அப்பா ஊரில் இல்லாதபோதெல்லாம் நீ போட்ட கையெழுத்து.

நான் பார்த்துவிட்டேன் என்பதற்காக எழுதுகிறேன். மற்றதை நீ எழுது.

அத்தானுக்கு என் அன்பு.

சின்னு


மே 20

அக்காவுக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். என் நாற்காலியில் ஒரு தலையணை கட்டிவைத்திருந்தார்கள். மேலாளர் வந்து, "ஒண்ணும் அவசரமில்ல, ரெஸ்ட் எடுத்துக்கிட்டே பாருங்க" என்று சொல்லி நானூறு படிவங்களை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சுகாதாரக் கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போய் நிரப்பிக்கொண்டு வந்தவை. காலியாக இருக்கும் கட்டங்களைப் பார்த்து, ஏன் காலி என்று குறியீடு போடுவது என் வேலை. "தெரியாது" என்றால் ஒரு எண். "பதில் சொல்ல மறுத்தார்" என்றால் ஒரு எண். "கேட்கப்படவில்லை" என்றால் ஒரு எண். புதிதாக வந்த பெண் மூன்றையும் ஒன்றாகப் போட்டுவைத்திருந்தாள். "எப்படியும் காலிதானே மேடம்" என்றாள். ஒன்றல்ல என்று அரை மணி நேரம் விளக்கினேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் ஃபேனை என் பக்கம் திருப்பினார்கள்.

குருவி நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டாள். ஃபோனில் கத்தினாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. சந்தோஷமான குரலில் பேசினேன். வைத்த பிறகு அவர், "என்ன, ஒண்ணுமே சொல்லல?" என்றார். "சொன்னேனே" என்றேன். "ம்… சொன்ன" என்றார்.

வயிற்றில் உணர்வு இல்லாத இடம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. மற்ற இடங்களைப் பற்றித் தெரியவில்லை.

அத்தான் நலமா? நீ நலமா?

சின்னு


ஜூன் 2

சின்னுவுக்கு அத்தான் எழுதுவது.

முழங்காலைத் தவிர நான் சௌக்கியம். இந்த வீட்டில் பேனா பிடிப்பது உன் அக்காவின் இலாகா என்பதால் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

அவள் உனக்கு எழுதவில்லை என்று நினைக்காதே. தினமும் எழுதுகிறாள். எழுதுகிறாள், கிழிக்கிறாள். குப்பைக்கூடை நிறைந்தால் நான்தான் கொட்டுகிறேன். என்னம்மா விஷயம் என்றால், "உங்களுக்குப் புரியாது" என்கிறாள். எனக்குப் புரியாத விஷயம் நிறைய உண்டுதான், ஆனால் சாப்பிடாமல் எழுந்து போவது புரிகிறது. போன வாரம் பழைய ஆஸ்பத்திரியில் யாருக்கோ பிரிவு உபசாரம். கூப்பிட்டிருந்தார்கள். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டாள்.

உங்களுக்குள் என்ன சண்டை என்று கேட்கமாட்டேன். ஆனால் வண்டி நடுரோட்டில் நின்றால் யாராவது ஒருத்தர் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். பெரியவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. நீ இளையவள்.

உன் உடம்பு முழுதாகத் தேற வேண்டும் என்று விரும்பும்,
அத்தான்

நான் எழுதியது அவளுக்குத் தெரியாது.


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? யாரும் எதுவும் சொல்லவில்லை. தோன்றியது, கேட்கிறேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். உன் பக்கத்திலிருந்து யோசிக்க முயன்றேன். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது எனக்குப் பதினேழு வயது, எனக்குப் பரீட்சை. நீதான் எட்டு மாதம் கூட இருந்தாய். கடைசி வாரங்களில் அந்த அறைக்குள் என்னை விடவில்லை. நீ பார்த்ததை நான் பார்க்கவில்லை. அன்று டாக்டரம்மா வெளியே வந்து, கட்டி இருக்கிறது என்று சொன்னபோது உனக்கு அம்மா நினைவு வந்திருக்கும். எனக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று நினைத்திருப்பாய். நான் எழுதி வைத்தது அதற்கு முன்னால் பெரிதாகத் தெரிந்திருக்காது.

அப்படித்தான் என்றால் ஒரு வரி எழுது, போதும். எனக்குப் புரியும். அதற்கு மேல் கேட்கமாட்டேன்.

உன்,
சின்னு


ஜூன் 29

சின்னு,

உடம்புக்கு எனக்கு ஒன்றும் இல்லை. உனக்குச் சூடு குறைந்திருக்கிறதா? இதை முதலில் கேட்டுவிடுகிறேன், பிறகு எழுத முடியாமல் போகலாம்.

நீ அனுப்பிய காரணம் நல்ல காரணம். அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். "ஆமாம், அம்மா நினைவுதான்" என்று எழுதிக்கூடப் பார்த்தேன். படித்தால் உண்மை மாதிரியே இருந்தது. ஆனால் எனக்கு அன்று அம்மா நினைவு வரவில்லை. அம்மா வந்தது அன்று மாலைதான்.

நடந்ததை எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். உட்கார நாற்காலி இருந்தது, ஆனால் அறுவை அறை வாசலில் எனக்கு உட்காரத் தெரியாது. கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியை இறக்காமலே, கையுறைக் கைகளை நெஞ்சுக்கு நேராக மடித்து வைத்துக்கொண்டு நின்றார். கூட வந்த நர்ஸ் கையில் படிவம். "இடது பக்கம் ஒரு கட்டி ஒட்டிக்கிட்டிருக்கு, பாக்க நல்லா இல்ல. ரெண்டையும் எடுத்துடலாமா?" என்றார். "எடுத்துடுங்க டாக்டர்" என்றேன்.

அவ்வளவுதான். நாலு நொடி இருக்குமா? இருக்காது.

என் வேலை உனக்குத் தெரியாது, சின்னு. நீ ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசிப்பவள், அதற்குத்தான் உனக்குச் சம்பளம். டாக்டர் கையை நீட்டுவார். என்ன வேண்டும் என்று வாயால் சொல்லமாட்டார். விரலை வைத்திருக்கும் விதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, நீட்டின கை காற்றில் நிற்காமல் வைக்கவேண்டும். ஆரம்பத்தில் நான் ஒரு தடவை யோசித்தேன். "என்ன, தூங்குறியா?" என்றார் பெரிய டாக்டர், எல்லோர் முன்னாலும். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் நான் யாரையும் காக்க வைத்ததில்லை. அதில் எனக்குப் பெருமை. மேசையில் வயிறு திறந்திருக்கிறது, வாசலில் டாக்டர் நிற்கிறார், என்னிடம் கேட்கிறார். நான் கொடுத்துவிட்டேன்.

உள்ளே கிடப்பது நீ என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பேஷண்ட் என்றுதான் தோன்றியது. அந்த நாலு நொடி நீ என் தங்கையே இல்லை. இதைத்தான் எழுதி எழுதிக் கிழித்தேன்.

படிவத்தை நீட்டினார்கள். உன் கையெழுத்து இருந்தது. சினைப்பைகளை எடுக்கவேண்டாம் என்று, இரண்டு கோடு இழுத்து அடிக்கோடிட்டு. பார்த்தேன். படித்தேன். அதன் கீழேயே போட்டேன். "வலது பக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கலாம். "அவர் மேலே வந்துவிடுவார், இருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். கதவு மூடின பிறகு இதெல்லாம் தெரிந்தது.

உன் வீட்டுக்காரர் வந்ததும் அவரிடம் சொன்னேன். "ஆறினப்புறம் நானே சொல்றேன், நீங்க சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். பாவம், அவர் வாக்குத் தவறவில்லை. பதினைந்து நாள் உன் பக்கத்தில் இருந்தேன். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். உன் புண்ணைத் துடைத்தேன், தலை வாரிவிட்டேன். நீ ஒவ்வொரு தடவையும் "தேங்க்ஸ்க்கா" என்றாய்.

மன்னித்துவிடு என்று கேட்க இப்போது வாய் வரவில்லை. நடந்ததை எழுதிவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சூடு ஒரு நாளைக்கு ஐந்தாகக் குறைந்திருக்கிறது. நீ சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று அலுவலகத்துக்கு எடுத்துப்போய், மதியம் படித்தேன். படித்துவிட்டு ஐம்பது படிவம் பார்த்தேன். ஒன்றிலும் தப்பில்லை.

போன மாதம் இருபத்தைந்தாம் தேதி டாக்டரம்மாவைப் பார்த்தேன். மாத்திரை எழுதிக்கொடுத்தார். கோப்பின் நகலைக் காட்டி, "அன்னைக்கு எங்க அக்கா வாசல்ல நின்னாங்க, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"எந்த அக்கா?" என்றார். தாளைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க. ஒரு நாளைக்கு அஞ்சாறு கேஸ். உடன் வந்தவங்க கையெழுத்து இருக்கே."

"வலது பக்கம் நல்லாத்தானே இருந்தது?"

"நல்லாத்தான் இருந்திருக்கு. ஆனா இடது பக்கம் அப்படி இருந்தா, இந்த வயசுல ரெண்டையும் எடுக்கறது வழக்கம். அதான் கேட்டோம்."

"வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"இடதை மட்டும் எடுத்துட்டு மூடியிருப்போம்."

குரலில் ஒன்றுமில்லை. கடையில் ஒரு சாமான் இருக்கிறது இல்லை என்று சொல்வது போல் சொன்னார். அவர் மேல் தப்பும் சொல்ல முடியவில்லை. கேட்டார், பதில் வந்தது.

இதை உனக்கு எழுதாமல் விடலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். நாம் இரண்டு பேரும் எழுதாமல் விட்டது போதும் என்று எழுதுகிறேன். என்னை எழுப்பிக் கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்று எழுதினால் உனக்கு இலேசாக இருக்கும். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதைத்தான் எழுதியும் வைத்திருந்தேன்.

அம்மாவைக் காரணமாக நீ எடுத்துக்கொள்ளாததைக் கவனித்தேன். எடுத்திருந்தால் நான் நம்பியிருப்பேன்.

கோபம் வரும் என்று காத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மாத்திரை அதற்கும் சேர்த்துத்தானா என்று டாக்டரம்மாவைக் கேட்க மறந்துவிட்டேன்.

அத்தான் முழங்காலுக்கு ஏதாவது பார்த்தாரா?

சின்னு


ஆகஸ்ட் 17

சின்னுவுக்கு,

அத்தான் நலம். நானும் சாப்பிடுகிறேன்.

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். நீ எழுதினது சரி.

உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது. வரட்டுமா? டிக்கெட் எடுக்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் எழுதவேண்டியதில்லை. உன் பதில் வரும்வரைக்கும் ஒன்றும் செய்யமாட்டேன். எத்தனை நாள் ஆனாலும் சரி.

அக்கா


செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகந்தானே? குருவிக்கு வேலை கிடைத்திருக்கிறது. இந்தத் தடவை ஃபோனில் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.

நீ அந்தக் கேள்வியை எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது. வேண்டுமென்று தாமதிக்கவில்லை. தினமும் காலையில் நடக்கும்போது அதை எடுத்துப் பார்ப்பேன். வா என்றும் தோன்றவில்லை, வராதே என்றும் தோன்றவில்லை. படிவமாக இருந்தால் "தெரியாது" என்று குறியீடு போட்டு அடுத்ததைப் பார்த்திருப்பேன்.

நேற்று மார்க்கெட்டில் சூடு ஏறியது. வழக்கத்தைவிடப் பலமாக. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாத்திரக் கடை. கடைக்காரம்மா ஓடி வந்து ஒரு மூடியை எடுத்து விசிறினார்.

"என்னம்மா பண்ணுது? யாரையாவது கூப்பிடணுமா?"

"எங்க அக்காவ" என்றேன்.

"நம்பர் சொல்லுங்க."

"அவங்க இந்த ஊர்ல இல்ல."

"எங்க இருக்காங்க?"

"ரயில்ல ஒன்பது மணி நேரம்."

விசிறுவதை நிறுத்திவிட்டார். "அதுவரைக்கும் என் படியிலயா உக்காந்திருப்பீங்க? பக்கத்துல யாரும் இல்லையா, வீட்டுக்காரர் கீட்டுக்காரர்?" அவர் இருந்தார். பத்து நிமிட தூரத்தில், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் நினைவே எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது, "நல்லது" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையை வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

யோசிக்காமல் சொன்ன பதில். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. பழக்கமாக இருக்கலாம். நீ டாக்டரம்மாவிடம் சொன்னதும் பழக்கம்தான். உன்னுடையதை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்னுடையதை எப்படி ஒத்துக்கொள்வது என்று நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நீ செய்தது செய்ததுதான்.

வா. டிக்கெட் எடுத்துவிட்டு எந்த வண்டி என்று எழுது. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். நீ வந்தால் சந்தோஷமாக இருக்குமா என்று என்னால் இப்போது சொல்ல முடியாது, அதை எதிர்பார்த்து வராதே. எனக்குச் சமைத்துப்போடவும் வேண்டாம். கோபம் இன்னும் வரவில்லை. அது வரும் அன்றைக்கு நீ ஒன்பது மணி நேரம் தள்ளி இருக்கக்கூடாது. எதிரில் இருக்கவேண்டும்.

உன்,
சின்னு